தண்ணித்தொட்டிப் பக்கம்

கேட்டுப் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டதால் மருதாசலம் தண்ணித்தொட்டிப் பக்கம் போய் உட்கார வேண்டியதாயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அவரைப் பார்த்துவிட்டுப் பாதி எழுந்ததும் அவருக்கு வெட்கமாகிப்போய், "இரு கண்ணு, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். நடு வட்டத்தின் ஓரமாகவே சுற்றி நடந்து, எதிர்ப்பக்கத்தில் இரண்டு பெண்களுக்கு இடையே காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித்தான் இந்த நாடகத்தையே ஆரம்பித்தார். மேடை வேண்டாம், திரை வேண்டாம், மூடிக்கிடக்கிற மில்லின் பஞ்சு குடோன் போதும், நடுவில் ஒரு வட்டம், நாலு பக்கமும் ஜனங்கள், நடிகர்கள் அவர்களுக்கு நடுவே புகுந்து புறப்படட்டும், இது முன்பக்கம் அது பின்பக்கம் என்று யாருக்கும் கிடையாது. பம்ப் கம்பெனியில் வருஷக்கணக்காக வரைபடம் போட்ட கை ஒரு தாளில் வட்டம் போட்டு அதை நாலாகப் பிரித்துக் காட்டியது. வட்டத்துக்குள் நின்றுகொண்டு இடது வலது என்று பேசினால் குழப்பம் வருகிறது என்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். கேட்டுப் பக்கம், டீக்கடைப் பக்கம், தண்ணித்தொட்டிப் பக்கம். நாலாவது பக்கத்துக்கு வெளியே வெறும் முள்வேலி. உள்ளே அங்கே ஆர்மோனியப் பெட்டியோடு நாச்சிமுத்து உட்கார்ந்ததால் அது பெட்டிப் பக்கம். ஒத்திகை நடந்த நாளெல்லாம் மருதாசலம் கேட்டுப் பக்கம்தான் உட்கார்ந்தார். அங்கேதான் காற்று வருகிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். எந்தப் பக்கமும் காற்று வரவில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை, டைரக்டருக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். காரணம் இருந்ததுதான்.

நாச்சிமுத்து துருத்தியை அசைத்துப் பெட்டியை ஒரு முறை மூச்சுவிட வைத்தார். இன்றைக்கு டிக்கெட் கிடையாது, பக்கத்து மில் லைன் வீடுகளில் இருப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு வெள்ளோட்டம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நல்லவர்கள், எதற்கும் சிரிக்கத் தயாராக வந்தவர்கள். நாச்சிமுத்து தொண்டையைச் செருமியதற்கே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓட்டுக்கூரையில் மோதித் திரும்பி வந்தபோது மருதாசலம் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு நாடகம் போடுகிறவன் சிரிப்பைக் கண்டு பயப்படுகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது. அவர் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். வசனத்துக்குச் சிரியுங்கள், மாப்பிள்ளை வேஷத்தில் ரங்கதுரை தடுக்கி விழுவான், அதற்குச் சிரியுங்கள், வேண்டிய மட்டும் சிரியுங்கள். பாட்டுக்கு நடுவில் மட்டும் வேண்டாம். பாட்டுக்கு நடுவில் சிரித்தால் பெட்டிச் சத்தம் அமுங்கிவிடும், பெட்டிச் சத்தம் அமுங்கினால் தமயந்திக்கு. அந்த இடத்தில் நினைப்பு வழக்கம்போல நின்றுகொண்டது. வண்டிமாடு பாலத்தைக் கண்டால் நிற்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான் நிற்கும். தள்ளினால்தான் நகரும். தமயந்திக்குச் சுதி கேட்காது. அவளுக்கு இடது காது போய்விட்டது. அவர் மனைவி, இந்த நாடகத்தின் கதாநாயகி, ஆறு பாட்டுப் பாடுகிறவள், அவளுக்கு ஒரு காது இல்லை, அது இந்தக் குடோனுக்குள் அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்தது ஒரு கொசுவால். பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், அவர் கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கட்டிலில் வலதுபுறமாக ஒருக்களித்துப் படுத்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். "தமா" என்றார். திரும்பவில்லை. படிக்கிற சுவாரசியம் என்று நினைத்தார். மறுபடி கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட வாயெடுத்தவர் அந்தக் கொசுவைப் பார்த்தார். அவள் இடது காதைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாசலில் நிற்கிற அவருக்கே அதன் ரீங்காரம் கேட்கிற மாதிரி இருந்தது, அவள் கையைத் தூக்கவில்லை, தலையைச் சிலிர்க்கவில்லை, ஒரு பக்கத்தைப் புரட்டினாள். கொசு காதுமடலில் தோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அப்போது அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் அவருக்குப் புரியவில்லை. போய் அதை அடித்திருக்கலாம். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவர் பூனைபோல வெளியே போய், கேட்டைச் சத்தமாகத் திறந்து மூடி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்று, "காப்பி நான் போடட்டுமா?" என்றார். அவள் நிமிர்ந்து பார்த்து, "என்னங்க, அதிசயமா இருக்குது" என்று சிரித்தாள். அதற்கப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. போனை வலது காதுக்கு மாற்றியிருந்தாள். கடைவீதியில் எப்போதும் அவருக்கு வலதுபுறம் நடந்து வருகிறவள் ஒருநாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் பின்தங்கி அவருக்கு இடதுபுறம் வந்துகொண்டாள். குக்கர் விசிலைக் கேட்காமல் ஆவியைப் பார்த்து எண்ணினாள். டாக்டரிடம் போனாளா, தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று ரெண்டு தடவை போனது அதற்குத்தானா, வலது காதும் இப்படியே ஒரு நாள். அங்கேயும் நினைப்பு நின்றுகொள்ளும். அதை அவர் தள்ளுவதில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அது இருக்கும், கேட்காத வரைக்கும் அது பாதிதான் இருக்கிறது என்று சின்னப் பையன் மாதிரி ஒரு கணக்கு.

தமயந்தி உள்ளே வந்தாள். கையில் கரண்டி, இடுப்பில் சாவிக்கொத்து, தலையில் வாடகைக் கடையில் எடுத்த பெரிய கொண்டை. 'கொசுவலைக் கல்யாணம்' என்ற அந்த நாடகத்தில் அவள் சாப்பாட்டு விடுதி நடத்துகிற சொர்ணத்தம்மாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீடு தவறி அவள் விடுதிக்குள் நுழைந்துவிடுகிறான், அவனைத் திருடன் என்று அவளும், அவளைத் தன் வருங்கால மாமியார் என்று அவனும் நினைத்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றியும் கொசுவலையைச் சுற்றியும் பாட்டாகவே சண்டை. அவள் வட்டத்துக்குள் வந்து, அவர் தரையில் சாக்பீஸால் போட்டுக் கொடுத்த புள்ளியில் நின்று, கேட்டைப் பார்த்து முதல் பாட்டை எடுத்தாள். கேட்டைப் பார்த்து நின்றால் பெட்டி அவளுக்கு வலது கைப்பக்கம் வரும். வலது காது பெட்டிக்கு நேராக இருக்கும். அவள் எங்கே நடந்தாலும், எந்தப் பக்கம் ஓடினாலும், பாட்டு வருகிற இடத்தில் அவள் முகம் கேட்டைப் பார்த்தே வந்து நிற்கிற மாதிரி ஒவ்வொரு அசைவையும் அவர் போட்டிருந்தார். பம்புக்குள் தண்ணீர் எந்த வழியாக வளைந்து வந்தாலும் ஒரே வாய் வழியாக வெளியேறுகிற மாதிரி. ரங்கதுரைகூட ஒருநாள் கேட்டான்: "ஏனுங்ணா, அக்கா எப்பப் பாத்தாலும் கேட்டையே பாத்துட்டு நிக்கறாங்களே, யாராச்சும் விருந்தாளி வரோணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் கொஞ்சம்கூடத் தயங்காமல், "விடுதி நடத்தறவளுக்குக் கண்ணு எந்நேரமும் வாசல்லதான் இருக்கும், ரங்கா. ஆள் வருதா, சாப்பிட வருதான்னு. அதுதான் அவ குணம்" என்றார். அப்படியா, எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார் என்று எல்லோர் முகத்திலும் ஒரு மரியாதை வந்தது. பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது காது மடலெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு. தமயந்தி மட்டும் கேட்டைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது அவர் முன்னால் அவள் முதுகு இருந்தது. கேட்டைப் பார்த்து நிற்கிறவளின் முதுகு முழுக்கத் தண்ணித்தொட்டிப் பக்கத்துக்கு என்பது, வரைபடம் போடுகிற ஒருவனுக்கு, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற இந்தச் சின்ன விஷயம், இங்கே வந்து உட்காரும்வரை தெரியாமலே இருந்தது. தெரியும், கணக்காகத் தெரியும், இப்படி ரவிக்கையும் வேர்வையுமாகத் தெரியாது. பச்சை ரவிக்கையின் நடுவில் ஈரம் ஒரு இலை மாதிரி படர்ந்திருந்தது. கொண்டையைத் தாங்க அவள் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்று பாதி வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நிஜ மயிர், நரை, அவள் வாரம் தவறாமல் சாயம் போடுகிறாளே, அவளுக்குக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் நரை அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் முதுகை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் அடுப்படியில் அவள் பாடிக்கொண்டே வேலை செய்யும்போது வாசற்படியில் நின்று பார்த்ததுண்டு, அவளுக்கு உடனே தெரிந்துவிடும், திரும்பாமலே, "அங்கென்ன சோலி?" என்பாள். அப்போதெல்லாம் அவர் மூச்சுவிடுவதுகூட அவளுக்குக் கேட்டது. பாட்டின் ஒவ்வொரு அடியையும் எடுப்பதற்கு முன்னால் தமயந்தியின் தலை வலதுபக்கம் கொஞ்சம் சாய்வதைக் கவனித்தார். கேட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தபோது அது சொர்ணத்தம்மாளின் திமிராகத் தெரிந்தது, நல்ல நடிப்பு என்று நினைத்து அதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால் அது திமிர் இல்லை. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி அந்தத் தலை சுதியைத் தேடிக்கொண்டிருந்தது. தேடி, தொட்டு, தொட்டுவிட்டோம் என்று தெரிந்ததும் தோள்கள் ஒரு விரற்கடை தாழ்ந்தன. ஒவ்வொரு அடிக்கும். அவர் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். இவளுக்காகத்தான் செய்தேனா. இல்லை, வேறு யாரையாவது போட்டால் என்ன என்று அந்த ஒரு மத்தியானம் நினைத்தேனே, பாதி மத்தியானம்தான், அதற்குள் அசிங்கமாகிவிட்டது, ஆனால் நினைத்தேன். அந்த நினைப்பை மூடத்தான் இத்தனை புள்ளிகளும் கோடுகளுமா. அவளை விழாமல் பிடித்திருக்கிறேனா, நகரவிடாமல் பிடித்திருக்கிறேனா.

"ஏனக்கா, இந்தப் புள்ள மூஞ்சியவே காட்ட மாட்டீங்குது?" என்றாள் அவருக்கு இடதுபுறம் இருந்த பெண், அவரைத் தாண்டி வலதுபுறத்துப் பெண்ணிடம். "நம்ம பக்கத்துக்குப் பொடனிதான் பங்கு போலிருக்குது" என்றாள் மற்றவள், தன் பிடரியைத் தட்டிக் காட்டி. "பொடனி நல்ல பொடனிதான், ஊசி ஒண்ணு கழண்டுட்டு இருக்குது பாரு." "கெரகம், அத யாராச்சும் சொல்லப்படாதா?" அவருக்கு எழுந்து இடம் மாறி உட்கார்ந்துகொள்ளலாமா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று சொல்லலாமா என்று இருந்தது. சொன்னால், பக்கத்தில் இருப்பது டைரக்டர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குள் வலதுபுறத்துக்காரி கையை வாயருகே குவித்துக்கொண்டு, "அம்மிணி! இக்கட்டாலயும் கொஞ்சம் திரும்பு, நாங்களும் ஊட்டு வேலையப் போட்டுட்டுத்தான் வந்திருக்கறோம்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். நாலு பக்கமும் சிரிப்பு எழும்பிற்று. நல்லவேளை, வசனத்துக்கு நடுவில். தமயந்தியின் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வசனத்தைத் தொடர்ந்தது. ஆனால் அந்த ஒரு கணத்தில் தோள்பட்டைக்கு நடுவே ஏதோ நடந்ததை அவர் பார்த்தார். வீட்டில் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்க் காயப்போட்ட துணியை மடிக்க ஆரம்பிப்பாள். அந்த மாதிரி.

இடைவேளையில் எல்லோருக்கும் டீ வந்தது. பஞ்சுப் பொதி நிறுக்கிற பெரிய தராசுக்குப் பின்னால் ஒரு வேட்டியைக் கட்டி நடிகர்களுக்கு மறைவிடம் ஒதுக்கியிருந்தார்கள். மருதாசலம் போனபோது நாச்சிமுத்து டீ டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். "ஏனுங் டைரட்டரே, தொட்டிப் பக்கம் உக்காந்தீங்களாமா? எப்படி, எங்க அம்மிணி பொடனி நல்லா நடிக்குதுங்களா?" என்றார். ரங்கதுரை டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். தமயந்தி சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றைத் தராசுத் தட்டில் சாய்த்துவைத்துக் கொண்டையைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய வலதுபுறமாகச் சுற்றிப் போய் நின்றார். இப்போதெல்லாம் அது தன்னால் வந்துவிடுகிறது. "ஊசி ஒண்ணு" என்றார். "தெரியுமுங்க. சொன்னாங்களே, காதுல உழுந்துச்சு" என்றாள். காது என்ற சொல்லை அவள் அப்படிச் சாதாரணமாகச் சொன்னது அவருக்கு எங்கேயோ போய்க் குத்தியது. "கட்டில் பாட்டுக்கு நான் அந்தப் பக்கம் திரும்பப் போறேனுங்க" என்றாள். "எந்தப் பக்கம்?" "தொட்டிப் பக்கம். பாவம், அவங்க மட்டும் என்ன பண்ணுனாங்க?" "அது கூடாது தமா. நடையெல்லாம் அப்படிப் போடல. பெட்டி அந்தப் பக்கம் இருக்குது, நீ தொட்டிப் பக்கம் திரும்பினா" என்று ஆரம்பித்தார். திரும்பினால் என்ன. சொல், திரும்பினால் என்ன. "பெட்டி எங்கயும் ஓடிராதுங்க" என்றாள் அவள், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. பிறகு ஊசியை எடுத்துக் கொண்டையில் செருகி, கண்ணாடித் துண்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்து, மற்ற இருவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "இந்த ஒரு மாசமா என்னைய ஒரே பக்கமாத் திருப்பித் திருப்பி நிறுத்துனீங்களே, எதுக்குன்னு நான் ஒரு நாளாவது கேட்டனா? கேக்கலயில்ல? இப்ப எதுக்குத் திரும்பறேன்னு நீங்களும் கேக்க வேண்டாம்." அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். "போயி உக்காருங்க. டீ ஆறுது" என்றாள்.

அவர் மறுபடி அந்த இரு பெண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தபோது கையில் டீ டம்ளர் இருந்தது, குடித்தோமா இல்லையா என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து. கேட்டைப் பார்த்து நின்ற முதல் நாளிலிருந்தா, இல்லை, அந்தச் சாயங்காலம் கேட்டைத் திறந்து மூடி நடித்தேனே, அன்றைக்கே தெரிந்திருக்குமா, காப்பி நான் போடட்டுமா என்று கேட்டபோது சிரித்தாளே, அது எந்தச் சிரிப்பு. தெரிந்துகொண்டே ஒரு மாதமாக நான் நிறுத்திய இடத்தில் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால் அவள் மனசு உடைந்துவிடும் என்று நான். தனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துவிடுவேன் என்று அவளா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றியிருக்கிறோம். அவருக்குச் சிரிப்பு வந்தது. சரி, அது போகட்டும், இப்போது பாட்டு. அவள் இந்தப் பக்கம் திரும்பினால் பெட்டி இடதுகைப் பக்கம் போய்விடும், வலதுபக்கம் முழுக்க டீக்கடைப் பக்கத்து ஜனங்கள், அந்தப் பக்கத்தில்தான் சிரிக்கிற கும்பலும், வாயாடி இளவட்டங்களும். கட்டிலுக்கடியில் ரங்கதுரை தும்முகிற இடம் பாட்டுக்கு நடுவில்தான் வருகிறது. அந்தத் தும்மலை அவரேதான் எழுதினார். எடுத்திருக்கலாம். நாடகத்திலேயே நல்ல சிரிப்பு அதுதான் என்று எடுக்க மனசு வரவில்லை. அப்போதும் யாருக்காகச் செய்தேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜனங்களுக்கு முன்னால் அவள் சுதி தவறி நின்றால், அதற்கப்புறம் அவள் பாடவே மாட்டாள், எனக்குத் தெரியும் அவளை, அடுப்படியில்கூடப் பாட மாட்டாள், வீடு ஊமையாகிவிடும், அது என்னால் ஆனதாக இருக்கும்.

கட்டிலைக் கொண்டுவந்து வட்டத்தின் நடுவே போட்டார்கள். உத்திரத்திலிருந்து இறங்கிய கயிற்றில் கொசுவலையை மாட்டினார்கள். அதற்குள்ளே ரங்கதுரை பட்டு வேட்டியோடு தவழ்ந்து போய்க் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டான். நாலு பக்கமும் அவன் தெரிகிறான், சொர்ணத்தம்மாளுக்கு மட்டும் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. தமயந்தி கரண்டியோடு வந்தாள். புள்ளியில் நின்று கேட்டைப் பார்த்தாள். ஒரு கணம் அவருக்கு, மனசை மாற்றிக்கொண்டுவிட்டாள் என்று நிம்மதியும், கூடவே காரணம் தெரியாத ஒரு ஏமாற்றமும் வந்தது. பெட்டி சுதி கொடுத்தது. தலை சாய்ந்தது, தொட்டது. அவள் புள்ளியை விட்டு நடந்து, கட்டிலைச் சுற்றி வந்து, தண்ணித்தொட்டிப் பக்கத்தைப் பார்த்து நின்றாள். "வந்துருச்சு பாரு" என்றாள் இடதுபுறத்துக்காரி. பவுடர் வழிந்த முகம், கன்னத்தில் மையால் வைத்த பெரிய மச்சம், கண் மட்டும் தமயந்தியின் கண். அவரைப் பார்க்கவில்லை, எல்லோரையும் பார்த்தாள்.

கட்டிலுக்குக் கீழே யாரப்பா - அது
பூனையென்றால் ஒரு தும்மலென்ன?
முட்டைக்கண் ரெண்டும் முழிக்குதப்பா - என்
மூக்குக் கண்ணாடி பொய்சொல்லுமோ?

தும்மல் என்ற சொல்லுக்குச் சரியாக ரங்கதுரை தும்மினான். கொசுவலை முழுக்க ஆடியது. நாலு பக்கமும் சிரிப்பு வெடித்தது, டீக்கடைப் பக்கத்து இளவட்டங்கள் நாற்காலியைத் தட்டினார்கள், கைக்குழந்தை ஒன்று அழுதது, பெட்டி எங்கே போனதென்று மருதாசலத்துக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அவள் மூன்றாவது அடியை எடுத்தாள். சிரிப்பு ஓயும்போது அவள் குரல் தனியாக, பெட்டியைவிட மேலே ஏறி, ஏணியிலிருந்து கால் தவறிய மாதிரி அந்தரத்தில் நின்றது. நாச்சிமுத்துவின் விரல்கள் நின்றன. டீக்கடைப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. அவருக்குத் தெரியும் இந்தச் சிரிப்பை, அத்தனை நாளும் இதற்குத்தான் பயந்தார். தமயந்தி பாட்டை நிறுத்தினாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல் முழங்கால் மடங்கியபடி பாதியில் நின்றார். அவள் கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைப் பக்கம் திரும்பினாள். சொர்ணத்தம்மாளின் குரலில், "யாருங்க அது, கமுக்கமாச் சிரிக்கறது?" என்றாள். "எனக்கு எடது காது கேக்காது, தெரியுமில்ல? பொங்கலுக்கு வந்த வெருந்தாளிகளோட அதுவும் கெளம்பிப் போயிருச்சு. அதனால சிரிக்கறவங்க வாய்விட்டுச் சிரிங்க, நானும் கேட்டுக்கறேன்!" ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ரங்கதுரை, அவனுக்கும் புரிந்திருக்காது, வசனம் மாறிவிட்டது என்று மட்டும் தெரிந்துகொண்டு, கொசுவலைக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, நான் தும்முனது உங்க எடது பக்கமுங்க, அது உங்களுக்குக் கேட்டிருக்கவே கூடாது!" என்றான். குடோன் அதிர்ந்தது. தும்மலுக்கு வந்ததைவிடப் பெரிய சிரிப்பு. கர்ப்பிணிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காது கெளம்பிப் போயிருச்சாம்!" என்று வலதுபுறத்துக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒளித்து ஒளித்து வைத்த அந்த ஒரு விஷயம் நாலு பக்கமும் கையிலிருந்து கைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

"சுதி போச்சு. சிரிச்சுக் கெடுத்தீங்கல்ல, யாராச்சும் சுதி குடுங்க" என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு நேராகத் தண்ணித்தொட்டிப் பக்கம் நடந்து வந்து, பாதி எழுந்தபடி நின்றிருந்த மருதாசலத்தின் முன்னால் நின்றாள். "ஏனுங்க, அப்ப இருந்து பொடனியவே பாத்துட்டு உக்காந்திருக்கறவரே, நீங்க குடுங்க பாக்கலாம்." அவருக்குப் பாட வராது, அது அவளுக்குத் தெரியும், குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவள் குனிந்து காதைக் காட்டினாள். பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை, தோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருள் நரை. ஏதாவது ஒரு ஸா என்றாவது முனகிவிடலாம் என்றுதான் அவர் வாயைக் கிட்டே கொண்டுபோனார். "எனக்குப் பயமா இருக்குது, தமா" என்று வந்தது. அவரே கேட்காத குரலாக இருந்தது அது. "வலதும் போயிருமோன்னு. நான் கூப்பிட்டா உனக்கு எட்டாமப் போயிருமோன்னு." சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அது எந்தக் காது என்று பார்த்தார். இடது காது. அவள் அசையாமல் குனிந்தே இருந்தாள். அவர் மூச்சு அந்தக் காதுமடலில் படுகிறது, அது மட்டும் அவளுக்குத் தெரியும். அவர் முடிக்கிற வரைக்கும் அவள் அவசரப்படுத்தவில்லை. முடித்துவிட்டார் என்று மூச்சு நின்றதிலிருந்து தெரிந்துகொண்டு நிமிர்ந்தாள். அவர் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லோரையும் பார்த்துக் கரண்டியை உயர்த்தி, "எல்லாம் சரியாத்தான் இருக்குதாம்!" என்று அறிவித்துவிட்டு, அவரைப் பார்த்தபடியே, எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியாத ஒரு சுதியில், முழுத் தொண்டையில் மூன்றாவது அடியைப் பிடித்தாள். அது பெட்டியின் சுதி இல்லை. நாச்சிமுத்து துருத்தியை வேகமாக அசைத்து, ஒரு கட்டை ஏற்றி, அரை இறக்கி, விரல்களால் அங்குமிங்கும் துழாவி அவள் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார். மருதாசலம் உட்கார்ந்தார். இடதுபுறத்துப் பெண் அவர் பக்கமாகச் சாய்ந்து, "அப்படி என்னங்க சொன்னீங்க அந்தம்மாகிட்ட?" என்று கேட்டாள்.

"சுதிதானுங்க" என்றார் அவர். அதற்குள் பெட்டி அவளைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.